ஆந்தையைப் பார்த்ததும் அர்த்தம் தேடாதீர்கள்: இனுயிட் அச்சுப்படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் வடக்கே, பாஃபின் தீவின் தென்கரையை ஒட்டி கிங்கைட் என்ற சின்ன ஊர் இருக்கிறது. பழைய பெயர் கேப் டோர்செட். 1959 முதல் அங்குள்ள இனுயிட் கலைஞர்களின் (ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகள் இவர்கள்) அச்சுப்படங்கள் ஆண்டுத் தொகுப்புகளாக வெளிவருகின்றன. ஆந்தை, சீல், வெண்கரடி, பாதி மனிதன் பாதி பறவை என்று விரியும் அந்தப் படங்களைப் பார்த்தவுடன் 'இதில் ஏதோ ஆன்மிகம் இருக்கிறது' என்று தோன்றிவிடும். இருக்கிறதுதான். ஆனால் நாம் அவசரமாகக் கை காட்டும் இடத்தில் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

எல்லா விலங்கையும் குறியீடாக வாசிப்பதுதான் இதில் முதல் தவறு, பெரிய தவறும்கூட. அந்த ஊர்க் கலைஞர் கெனோஜுவாக் அஷேவாக் வரைந்து 1960இல் வெளிவந்த 'மந்திர ஆந்தை' இதற்கு நல்ல உதாரணம். உருண்டைக் கண்கள் நம்மை நேராகப் பார்க்கின்றன. தலையிலிருந்தும் உடலிலிருந்தும் நீண்ட இறகுகள் கதிர்களைப் போலப் பிரிந்து, நுனியில் வளைந்து நிற்கின்றன. வால் அகலமாக ஒரு பக்கம் எழும்பியிருக்கிறது. கனடா 1970இல் இதைத் தபால்தலையாக்கியது. 2018இல் ஒரு பிரதி ஏலத்தில் 2 லட்சம் கனடிய டாலருக்கும் மேல் போனது. இவ்வளவு புகழ் சேர்ந்த பிறகு விளக்கங்களுக்குக் கேட்கவா வேண்டும்! கதிர்கள் ஞான ஒளி, சிவப்பு வால் உயிர்ச்சக்தி, ஆந்தை இரவின் காவல் தெய்வம் என்று ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள்.

ஆனால் இந்தப் படத்துக்கு மொத்தம் அச்சிட்ட ஐம்பது பிரதிகளில் பாதிதான் சிவப்பும் கறுப்பும். மீதிப் பாதி பச்சையும் கறுப்பும். சிவப்புக்கு அப்படி ஆழமான பொருள் இருந்தால் பச்சைப் பிரதி வாங்கியவர் என்ன செய்வார்? கெனோஜுவாக்கிடம் கேட்டிருந்தால் அவர் இந்த வழிக்கே வந்திருக்க மாட்டார். ஒரு வடிவத்தில் தொடங்கி, கண்ணுக்கு அழகாக அமையும் வரை கோடுகளைச் சேர்த்துக்கொண்டே போவதாகத்தான் தன் வேலையைப் பற்றிச் சொல்லிவந்தார். இதைக் கேட்டுச் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அப்படி இல்லை. சமநிலைக்காக ஓர் இறகை எவ்வளவு நீட்டுவது என்று யோசிக்கும் கை எனக்குப் போதும்.

இதன் தமிழ்ப் பதிப்பு ஒன்றும் உண்டு. ஆந்தை என்றாலே நமக்கு அபசகுனம், அது அலறினால் வீட்டில் ஏதோ நடக்கப்போகிறது என்பார்கள். இல்லையென்றால் லட்சுமியின் வாகனம். டொரன்டோ காட்சியகச் சுவரில் தொங்கும் ஆந்தையின் முன்னால் நிற்கும் நம்மவர்களும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் முதலில் எடுப்பார்கள். இரண்டையும் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போவது நல்லது. அதேபோல, மரமே வளராத தூந்திர நிலத்துப் படங்களில் 'வாழ்வின் மரம்' தேட வேண்டாம்.

சரி, அப்படியானால் ஆன்மிகமே இல்லையா என்றால், அது எதிர்ப்பக்கத்துத் தவறு. கிங்கைட் படங்களில் நீண்ட சடையும் மீன் வாலுமாக ஒரு பெண் அடிக்கடி வருவாள். கடற்கன்னி என்று கடந்துவிடாதீர்கள். வெளியுலகுக்கு அவள் செட்னா, கிங்கைட்காரர்களுக்கு தலெலாயு. கதை ஊருக்கு ஊர் மாறும். பரவலாகச் சொல்லப்படுவது இது: படகிலிருந்து கடலில் தள்ளப்பட்டவள் விளிம்பைப் பிடித்துத் தொங்க, பெற்ற தகப்பனே அவள் விரல்களை வெட்டுகிறான். விழுந்த விரல்கள் சீல்களாகவும் வால்ரஸ்களாகவும் மாறுகின்றன. அவள் கடலடியில் அந்த உயிர்களுக்கெல்லாம் அதிபதி ஆகிறாள். மனிதர்கள் விதிகளை மீறினால் அவள் கூந்தல் சிக்கலாகும், வேட்டை கிடைக்காது. விரல் இல்லாதவள் எப்படித் தலை வாருவாள்? நம்மூர்ச் சாமியாடிக்கு ஓரளவு நெருக்கமான அங்கக்குக் (வெளியுலகுக்கு ஷாமன்) என்பவர் கடலடிக்கு இறங்கிச் சிக்கெடுத்து, அவளைச் சமாதானப்படுத்த வேண்டும். இது தெரிந்த பிறகு அந்தச் சடையை அலங்காரமாகப் பார்க்க முடியாது. குளிர்காலம் முழுக்கச் சாப்பாடு கிடைக்குமா என்ற கேள்வியே அதில் தொங்குகிறது. ஆகவே படத்தின் தலைப்பைப் படியுங்கள். தலெலாயு என்றோ, உருமாற்றம் என்றோ, ஷாமன் என்றோ இருந்தால் அங்கே கதை உண்டு. வெறுமனே பறவைகள் என்றிருந்தால் பறவைகளாகவே இருக்கட்டும்.

'ஆயிரமாண்டுப் பழைய மரபு' என்பது அடுத்த சறுக்கல். செதுக்குவது பழையது, அச்சிடுவது புதிது. 1957இல் ஒசுயிட்டோக் இப்பீலி என்ற செதுக்குக் கலைஞர், சிகரெட் பெட்டிகளில் ஒரே மாலுமித் தலை திரும்பத் திரும்ப இருப்பதைப் பார்த்து, இதை ஒவ்வொன்றாக வரைவது எவ்வளவு சலிப்பான வேலை என்றாராம். அங்கிருந்த கனடியக் கலைஞர் ஜேம்ஸ் ஹூஸ்டன், செதுக்கிய வால்ரஸ் தந்தத்தில் மை தடவித் தாளை ஒற்றிக் காட்டினார். இது ஹூஸ்டன் சொன்ன கதை. அவரே அப்புறம் ஜப்பான் போய் உனிச்சி ஹிராட்சுகாவிடம் அச்சுக்கலை கற்று வந்தார்.

கலைஞர்களும் பழங்காலத்தில் உறைந்து நிற்பவர்கள் இல்லை. புட்லோ புட்லாட் படங்களில் விமானம் பறக்கிறது. ஒன்றில் ஹெலிகாப்டர் விலங்குகளைக் கயிற்றில் கட்டித் தூக்கிப் போகிறது. கெனோஜுவாக்கே 2004இல் ஒன்டாரியோவின் ஓக்வில்லில் ஒரு பள்ளியின் கிறிஸ்தவ ஆலயத்துக்கு வண்ணக்கண்ணாடி ஜன்னல் வடிவமைத்தார். அதிலும் ஆந்தை உண்டு. ஷாமன் மரபா, தேவாலயமா என்று நாம் போடும் கோட்டை அவர் போடவில்லை.

வாங்க நினைப்பவர்கள் செய்யும் தவறு, அச்சுப்படம் என்றால் நகல்தானே என்று நினைப்பது. கல் அச்சில் ஓவியர் தாளில் வரைந்ததை இன்னொரு கலைஞர் தட்டையான கல்லில் எடுத்து, கோடுகளை விட்டுவிட்டு மற்ற இடத்தைச் செதுக்கி எறிகிறார். மேடாக நிற்கும் பகுதியில் மை உருட்டி, மெல்லிய ஜப்பானியத் தாளை விரித்து, பின்பக்கம் கையால் தேய்க்கிறார். எந்திரம் இல்லை. வழக்கமாக ஐம்பது பிரதிகள், அதோடு அந்த அச்சுக்கு ஆயுள் முடிந்தது. அதனால் படத்தைப் பார்க்கும்போது வரைந்தவரோடு செதுக்கியவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தாளின் அடியில் பென்சிலில் தலைப்பும் 12/50 போன்ற எண்ணும் இருக்கும். எண் சின்னதாக இருந்தால் உசத்தி என்று நினைக்காதீர்கள். அதனால் படம் கூடுதல் அழகாகிவிடாது. கிங்கைட் கலைஞர்களின் கூட்டுறவுச் சங்கத்தின் சிவப்பு இக்லூ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

அதே ஆந்தை போஸ்டராகவும் நாட்காட்டியாகவும் கோப்பையிலும் கிடைக்கிறது. சுவரில் மாட்ட போஸ்டர் தாராளமாகப் போதும், போஸ்டர் விலை கொடுக்கும்வரை. விற்பவரிடம் எந்த ஆண்டுத் தொகுப்பு, கல் அச்சா லித்தோகிராஃபா (செதுக்காமல், வழவழப்பான பரப்பில் வரைந்து எடுக்கும் அச்சு), எத்தனை பிரதிகள் என்று கேளுங்கள். பதிலாக ஆந்தையின் ஆன்மிகச் சக்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.