லீவு முடிந்து வரும் நிருபர் முதல் நாளில் தவிர்க்க வேண்டியவை

பொங்கல் லீவு முடிந்து திரும்பும் புது நிருபர்கள் வருடம் தவறாமல் ஒரே குழியில்தான் விழுகிறார்கள். மூத்தவர்கள் விழுந்து எழுந்த அதே குழிதான். அதை மூடிவிட்டுப் போகத்தான் யாருக்கும் நேரமில்லை. போனில் சார்ஜ் இல்லாமல் வருவது, ஐ.டி. கார்டை ஊரிலேயே விட்டு வருவது போன்றவற்றையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. எட்டு நாள் செய்தியை ஒரே நாளில் பிடிக்கப் பார்க்கும்போது நடக்கும் தவறுகள் மட்டும்.

பழைய இதழிலிருந்து ஆரம்பிப்பது

எட்டு நாள் லீவு என்றால் மேசையில் எட்டு இதழ் கிடக்கும்; பண்டிகைக்கு அச்சு இல்லாத நாளைக் கழித்தால் ஏழு. கை தானாக அடியில் இருக்கும் பழைய இதழுக்குத்தான் போகும். மூன்றாவது இதழைப் புரட்டும்போது டெஸ்கிலிருந்து போன் வரும், மீதி நான்கு இதழ் அப்படியே கிடக்கும். தலையில் தங்குவது ஐந்து நாள் பழைய உலகம்.

இன்றைய இதழை முதலில் எடுங்கள். அங்கிருந்து பின்னால் போங்கள். மாவட்டப் பக்கங்களை மட்டும் பார்த்தால் இதழுக்குப் பத்து நிமிடம் போதும். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து நான்கு கட்டம் போடுங்கள்: என்ன விஷயம், எந்த ஊர், கடைசியாகத் தெரிந்தது எந்தத் தேதி நிலவரம், அடுத்து என்றைக்கு என்ன நடக்கும். பின்னோக்கிப் படித்தால் ஒவ்வொரு விஷயத்திலும் கடைசி நிலவரம் முதலில் கண்ணில் படும். பழைய இதழ்களில் அதே விஷயம் வரும்போது பின்கதையை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

முதல் செய்தியையே இன்றைய நிலவரமாக எழுதுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இதுதான்.

வேலூர் மாவட்டத்தில் பள்ளிகொண்டா பக்கம் சென்னை–பெங்களூரு சாலையில் லாரி மோதி பைக்கில் போனவர் படுகாயம், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் அனுமதி என்று ஒரு செய்தி வந்திருக்கும். லீவிலிருந்து வந்தவர் அதை எடுத்து, "தொடரும் விபத்துகள்" என்று ஒரு தொகுப்பு எழுதுவார். நடுவில் ஒரு வரி: "தீவிர சிகிச்சை பெற்று வருகிறார்." அந்த மனிதர் இறந்து நான்கு நாள் ஆகியிருக்கும். வீட்டில் காரியத்துக்குச் சாமான் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் பேப்பர் வாசலில் விழும். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து வரும் போனுக்கு என்ன பதில் சொல்வது? மறுநாள் திருத்தம் போட்டால் முடிகிற சங்கதியா அது?

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால், விபத்து செய்தியாகிற அளவுக்கு அதற்குப் பிந்தைய மரணம் செய்தியாவதில்லை. மருத்துவமனையிலிருந்து இறப்புத் தகவல் காவல் நிலையத்துக்குப் போகும். அங்கே வழக்கின் பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புவார்கள். பத்திரிகைக்கென்று யாரும் தனியாகச் சொல்ல மாட்டார்கள். வந்தாலும் உள்பக்கத்தில் நான்கு வரி.

ஆகவே படுகாயம் என்று படித்த எதையும் காவல் நிலைய ரைட்டரிடம் (எழுத்தரிடம்) கேட்காமல் தொடக்கூடாது. "எப்படி இருக்கிறார்?" என்று கேட்டால் "தெரியலையே" என்பார். "செக்‌ஷன் ஆல்டர் ஆயிடுச்சாண்ணே?" என்று கேளுங்கள், உடனே பதில் வரும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் காயத்துக்குப் போடும் 125, மரணம் நேர்ந்தால் 106(1) ஆகியிருக்கும். 2024 ஜூலை 1-க்கு முந்தைய சம்பவம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்ட எண்களில் 337 அல்லது 338 என்றிருந்தது 304ஏ ஆகியிருக்கும். அடுத்த போன் மருத்துவமனை புறக்காவல் நிலையத்துக்கு. இரண்டிலும் பதில் கிடைக்கவில்லையா? "15-ம் தேதி நிலவரப்படி சிகிச்சையில் இருந்தார்" என்று தேதி போட்டு எழுதுங்கள், அல்லது அந்த வரியையே எடுத்துவிடுங்கள். "பெற்று வருகிறார்" என்பதற்கு இன்றைக்கு உங்களிடம் ஆதாரம் கிடையாது.

எருது விடும் விழாக்களிலும் இதே கதைதான். அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கமெல்லாம் தை பிறந்தால் மார்ச் வரை ஊர் மாற்றி ஊர் நடக்கும். மாலையில் எடுத்த காயக் கணக்கு இரவுக்குள் மாறும், இரண்டு நாளில் மறுபடி மாறும்.

கைதும் அப்படியே. "சிறையில் அடைக்கப்பட்டார்" என்று எட்டு நாளைக்கு முன் வந்ததை வைத்து இன்று "சிறையில் உள்ள" என்று எழுதினால், ஜாமீனில் வந்தவர் நேராக அலுவலகத்துக்கே வருவார். நீதிமன்றத்தில் வழக்குக்குத் தரும் 16 இலக்க அடையாள எண்ணான சி.என்.ஆர். கையில் இருந்தால் நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் அடுத்த வாய்தா வரை தெரிந்துவிடும்.

நிலவரம் எவ்வளவு வேகமாகத் தலைகீழாகும் என்பதற்கு வேலூர்க்காரர்களுக்கு வேறு உதாரணமே வேண்டாம். 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 18. வேலூர் தொகுதிக்கு மட்டும் 16-ம் தேதி தேர்தலே ரத்து. ஆனால் அதே தொகுதிக்குள் இருக்கும் ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் சட்டமன்ற இடைத்தேர்தல் திட்டமிட்டபடி 18-ம் தேதி நடந்தது. அந்த வாரம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பி, குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் விரலில் மையைப் பார்த்தவர், வேலூர் மக்களவைக்கும் ஓட்டுப் போட்டாயிற்று என்றுதான் நினைப்பார். உண்மையில் அந்த வாக்குப்பதிவு ஆகஸ்ட் 5-ல்தான் நடந்தது, 9-ம் தேதி எண்ணினார்கள், வித்தியாசம் 8,141 ஓட்டு. கண்ணால் பார்த்த மையே இப்படி ஏமாற்றும் என்றால், ஆறு நாள் பழைய தலைப்பை நம்பி என்ன எழுதுவது?

"நேற்று"

பழைய இதழில் இருக்கும் "நேற்று", நீங்கள் படிக்கும் நாளுக்கு முந்தைய நாள் அல்ல. அச்சு இல்லாத நாளைத் தாண்டி வந்த இதழில் "நேற்று முன்தினம்" வேறு சேர்ந்துகொள்ளும். நோட்டில் எழுதும்போதே தேதியாக மாற்றி எழுதுங்கள்.

மழைக் கணக்கில் இது இன்னும் வழுக்கும். வானிலைத் துறையின் 24 மணி நேரம் காலை 8.30-க்கு முடிகிறது. 16-ம் தேதி காலைப் பட்டியலில் இருக்கும் மழையில் பெரும்பகுதி 15-ம் தேதி பெய்தது. அது அச்சாவதோ 17-ம் தேதி இதழில்.

தேதியில்லாத எச்சரிக்கை

ஆந்திராவின் கலவகுண்டா அணை திறப்பு, பொன்னையாற்றில் வெள்ளம், பள்ளிகளுக்கு விடுமுறை: நாளும் கையெழுத்தும் இல்லாத எதையும் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எடுக்காதீர்கள்.

மாவட்டத்தைக் கோட்டை விடுவது

பின்கதைக்காகப் பழைய பைலைப் பிரித்தால் "வேலூர் மாவட்டம், வாணியம்பாடி" என்றே இருக்கும். 2019 நவம்பர் 28-லிருந்து அது திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் எல்லாம் ராணிப்பேட்டை. வரியை அப்படியே நகல் எடுத்தால் தவறான கலெக்டருக்குக் கோரிக்கை வைத்திருப்பீர்கள்.

மனுதாரர் கையில் இருக்கும் ரசீதை எஃப்.ஐ.ஆர். என்பது

சி.எஸ்.ஆர். ரசீது என்பது புகார் பெற்றதற்குத்தான். வழக்குப்பதிவு வேறு.

திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் அழைப்பது

லீவு முடிந்து வருவது பெரும்பாலும் திங்கள். அன்றுதான் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம். பண்டிகைக்குப் பிந்தைய முதல் திங்கள் என்றால் கூட்டம் இரட்டிப்பு. அதிகாரிகள் போனை எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் "அப்புறம்" என்று வைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் பேப்பர் படித்து நோட்டை முடியுங்கள். கேள்விகளோடு மதியம் அழைத்தால் ஒரே போனில் நான்கு விஷயம் தெளிவாகும்.

அழைக்கும் முன் இன்னொன்று. காவல் நிலைய சி.யு.ஜி. எண் (துறை கொடுக்கும் போன் எண்) பதவிக்கு உரியது, ஆளுக்கு அல்ல. நீங்கள் இல்லாத வாரத்தில் இடமாறுதல் வந்திருந்தால் உங்கள் போனில் பழைய இன்ஸ்பெக்டர் பெயரே காட்டும், எடுப்பவர் வேறொருவராக இருப்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அசடு வழிவதைவிட, "வணக்கம் சார், லீவு முடிஞ்சு இன்னிக்குதான் வந்தேன், பேசறது யாருங்க சார்?" என்றே ஆரம்பித்துவிடலாம்.