கிறுகிற சில்லில லைற் எரியணுமா? கரண்ட் கொண்டு போற வழி

ராவில மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தால இறங்கி வரக்குள்ள, குறுக்கால திரும்புற சைக்கிள் கிட்ட வந்தாத்தான் கண்ணுல படும். முன் லைற்றும் பின் சிவப்பும் நேரா வாறவங்களுக்குத்தான் தெரியும், பக்கவாட்டில முழு இருட்டு. அதுக்காகவே அப்பாட சைக்கிள் முன் சில்லில நாலு சிவப்பு எல்இடி போட்டன்.

ஃப்ரேம்ல இருந்து நேரா வயர் இழுத்தா அது ஹப்ல சுருண்டு அறுந்திரும். அப்ப வழி மூணு இருக்கு. பற்றரிய சில்லிலயே கட்டலாம், ஆனா பட்டன் பற்றரி மாத்தி மாத்தியே அலுத்திரும். போக்ல, அதாவது முன் சில்ல பிடிச்சிருக்கிற கவட்டையில, காந்தம், சில்லில கொயில் வச்சு அங்கயே கரண்ட் எடுக்கலாம். ஆனா 26 இஞ்சி சில்லு ஒரு சுத்துக்கு ரெண்டு மீட்டருக்கு கொஞ்சம் கூடப் போகும், மணிக்கு 15 கிலோமீட்டர்ல ஓடினா செக்கனுக்கு ரெண்டு சுத்துதான், ஒரு காந்தம் எண்டா சும்மா மினுங்கும், சந்தியில நிண்டா அணைஞ்சிரும், நமக்கு லைற் வேணுமே அந்த சந்தியிலதான். அதால மூணாவது: செப்பு வளையத்தில கார்பன் பிரஷ், அதாவது ஸ்பிரிங் தள்ளுற சின்னக் கரிக்கட்டி, உரசி கரண்ட் அனுப்புறது. வாகன ஒல்டர்னேற்றருக்குள்ள கிறுகிற கொயிலுக்கும் இப்பிடித்தான் போகுது.

செப்புப் பூசின பிசிபி போர்ட்ட (சர்க்கியூட் செய்யிற தட்டு) வட்டமா வெட்டி, ஒண்டுக்குள்ள ஒண்டா ரெண்டு வளையம் வாற மாதிரி நடுவில செப்ப சுரண்டி எடுங்க. வளையம் 10 மில்லிமீட்டர் அகலம், இடைவெளி 5. செப்பு டேப் ஒட்டாதீங்க, பிரஷ் அத கெதியா தின்னும். சில்ல கழட்டி, தட்ட அச்சில கோத்து ஸ்போக் கம்பியோட கேபிள் டையால இறுக்குங்க. மறுகா டிரில் மெஷின் பிரஷ் ரெண்டு, ஸ்பிரிங்கோட, போக்ல. போக்குக்கு நேரா இடம் காணாது, பின் பக்கமா கொஞ்சம் தள்ளி வைங்க.

இனி நான் ரெண்டு கிழமை மினக்கெட்ட இடம். முதல்ல ஒரே ஒரு வளையம்தான் போட்டன், நெகட்டிவ் பெயாரிங்கால சைக்கிள் ஃப்ரேமுக்கு வரும் எண்டு நம்பி. லைற் கண்டபடி மினுங்கிச்சு. உள்ள கிரீஸ், அதில கரண்ட் ஒரு சீரா கடக்காது, பொறி பறந்து குண்டும் கெடும். அதால ரெண்டு வளையம் கட்டாயம். ரெண்டு போட்ட பிறகும் மினுங்கிச்சு, ஆனா இப்ப சுத்துக்கு ஒருக்கா, எண்ணி வச்ச மாதிரி. விரலால தடவிப் பார்த்தன், சொல்டர் பொட்டு ஒண்டு குண்டுமணி மாதிரி நிக்குது, பிரஷ் அதில ஏறித் துள்ளுது. வயர வளையத்துட ஓரத்தில, பிரஷ் ஓடாத இடத்தில சொல்டர் பண்ணுங்க. சுத்துக்கு ஒருக்கா மினுங்கினா மேடு, கண்டபடி மினுங்கினா அழுக்கு இல்லாட்டி லூஸ்.

ஃப்ரேம்ல மூணு ஏஏ பற்றரி, 4.5 வோல்ட். ஒவ்வொரு எல்இடிக்கும் 150 ஓம் ரெசிஸ்டர். சில்லு பக்கத்தில 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்டு போட்டா சின்னத் துள்ளல் கண்ணுல படாது, பிளஸ் மைனஸ் மட்டும் மாத்திராதீங்க.

பிறகு சேர்த்தது: ஏஏ பற்றரிக்குப் பதிலா பவர் பேங்க் போட்ட தம்பி ஒருத்தர் லைற் தானா அணையுது எண்டார். கரண்ட் கொஞ்சமா எடுத்தா நிறைய பவர் பேங்க் ஓஃப் ஆகிரும், ஏஏ பற்றரியே போடுங்க. கார் சில்லில வட்டமா எரியிற ரிங் லைற் பத்தியும் கேட்டாங்க. அந்த லைற் கிறுகிறதே இல்ல, பிரேக் தட்டுக்குப் பின்னால அசையாத தகட்டில பூட்டியிருக்கும், வயர் நேராவே போகும்.

நம்ம கடல் காத்துக்கும் நவம்பர் மழைக்கும் செப்பு பச்சை பிடிக்கும். பென்சில் அழிறப்பரால வளையத்த தேச்சு, காஞ்ச துணியால துடைங்க. கிரீஸ் மட்டும் பூசாதீங்க.