மனநலத் துறையில் எந்தப் பாதை? சேருவதற்கு முன் பார்க்க வேண்டியவை

"சைக்காலஜி பிடிக்கும், என்ன படிக்கலாம்?" என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட ஒரே இடத்தில் எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. நான் பி.காம், அப்புறம் எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணி முதுகலை), அதற்கு மேல் மனநல சமூகப் பணியில் எம்.ஃபில் என்று சுற்றி வந்த ஆள். இந்தியாவில் படித்து இங்கேயே வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பதிவு. விண்ணப்பம் நிரப்புவது, நுழைவுத் தேர்வுக்குத் தயாராவது எல்லாம் இதில் இல்லை.

படி 1: படிப்பின் பெயரை விடுங்கள், வேலையைப் பாருங்கள்

யூடியூபில் "டாப் 10 சைக்காலஜி கோர்ஸ்" பார்ப்பதை நிறுத்திவிட்டு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிடிஎஃப்பை இறக்கிக்கொள்ளுங்கள். முழுவதும் படிக்க வேண்டாம். தொடக்கத்தில் வரும் வரையறைப் பிரிவு போதும். மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநல சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் என்று யார் யாரைச் சொல்கிறோம், அவர்களுக்கு என்ன தகுதி வேண்டும் என்பது அதில் இருக்கிறது. எந்தக் கல்வி ஆலோசனைத் தளத்தை விடவும் இது தெளிவு, யாருக்கும் கமிஷனும் போகாது.

நால்வரில் மருந்துச் சீட்டு எழுதுவது மனநல மருத்துவர். எம்பிபிஎஸ் ஐந்தரை வருடம், அதற்கு மேல் எம்டி மூன்று வருடம், நடுவில் இரண்டு நீட். பிளஸ் டூவில் உயிரியல் இல்லாதவர்கள் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால்தான் இந்த வழி. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டின் வேலை உளவியல் சோதனைகள், அறிக்கைகள், தெரபி. மனநல சமூகப் பணியாளரான என் வேலையில் பாதி நேரம் நோயாளியின் குடும்பத்தோடுதான் போகும்: வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அலைவது, முதலாளியிடம் பேசி வேலையைத் திரும்ப வாங்கித் தருவது. செவிலியர் வழியை யாரும் கேட்பதே இல்லை, ஆனால் வார்டில் நோயாளியோடு அதிக நேரம் இருப்பது அவர்கள்தான்.

கவுன்சிலர்? இந்தச் சட்டத்தின் வரையறைப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. அதனால்தான் குறுகிய காலச் சான்றிதழ் ஒன்றை வைத்துக்கொண்டு போர்டு மாட்டுபவர்களும், முறையாக முதுகலை படித்துப் பல வருடம் பயிற்சி எடுத்தவர்களும் ஒரே பெயரில் இருக்கிறார்கள். பள்ளி, கல்லூரி, நிறுவனங்களில் வேலை பார்க்க ஆசை என்றால் இது நல்ல வழிதான், ஆனால் முதுகலைக்குக் குறைவாக எதையும் நம்பி இறங்காதீர்கள்.

படி 2: அங்கீகாரத்தைச் சரிபாருங்கள்

இங்கேதான் நான் ரொம்ப நாள் முட்டிக்கொண்டு நின்றேன், நிறையப் பேர் பணத்தை விடுவதும் இங்கேதான். ஒரு கல்லூரியில் "எம்.எஸ்சி கிளினிக்கல் சைக்காலஜி, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம்" என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். இதை முடித்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகலாமா என்று கேட்டால் "ஆகலாம் சார்" என்றார்கள். ஆக முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்ற பெயரில் பணியாற்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு வேண்டும். ஆர்சிஐ ஒப்புதல் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. இந்த நிறுவனத்தில், இந்தப் படிப்புக்கு, இந்தக் கல்வியாண்டு வரை, இத்தனை இடம் என்றுதான் கொடுப்பார்கள். ஆகவே ஆர்சிஐ தளத்தில் உள்ள பட்டியலில் படிப்பின் பெயர், நீங்கள் சேரும் ஆண்டு இரண்டும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கல்லூரி அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம், அது போன ஒப்புதல் காலத்துடையதாக இருக்கலாம். ஆர்சிஐ சட்டப்படி பதிவில்லாமல் தொழில் செய்தால் ஒரு வருடம் வரை சிறைகூட உண்டு.

இதுவரை பெரும்பாலோர் போன வழி எம்.ஏ சைக்காலஜி, பிறகு இரண்டு வருட எம்.ஃபில். எம்.ஃபிலை யுஜிசி நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 வரை விலக்கு கொடுத்தார்கள். எம்.ஃபிலுக்குப் பதிலாக ஆர்சிஐ தன் பாடத்திட்டத்தில் எம்.ஏ கிளினிக்கல் சைக்காலஜியைக் கொண்டுவந்ததில் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. ஏனென்றால் பட்டத்தின் பெயர் கிட்டத்தட்ட ஒன்றேதான், ஆர்சிஐ ஒப்புதல் உள்ளதற்குப் பதிவு உண்டு, இல்லாததற்கு இல்லை. பெயரை வைத்து முடிவெடுக்கவே எடுக்காதீர்கள்.

மனநல சமூகப் பணிக்கு ஆர்சிஐ பதிவு தேவையில்லை. சட்டம் கேட்பது எம்எஸ்டபிள்யூவும், மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய முழுநேர எம்.ஃபிலும். பதிவு மாநில மனநல ஆணையத்தில்.

படி 3: நடுவில் நின்றால் கையில் என்ன இருக்கும்?

எம்எஸ்டபிள்யூவோடு நிறுத்தினாலும் தொண்டு நிறுவனம், மருத்துவமனை, மனிதவளம் என்று வேலை உண்டு. நர்சிங்கும் அப்படியே. எம்.ஏ சைக்காலஜியோடு நின்றால் கவுன்சிலிங் பக்கம்தான் போக வேண்டியிருக்கும், தொடக்கச் சம்பளம் குறைவு. வீட்டில் பணம் தட்டுப்பாடு என்றால் ஆர்வத்தை விட இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். எக்செல் எல்லாம் வேண்டாம், ஒரு தாளில் ஒவ்வொரு பாதைக்கும் மொத்த வருடம், மொத்தச் செலவு, எங்கே இறங்கலாம் என்று மூன்று கட்டம் போடுங்கள், போதும்.

படி 4: நேரில் பாருங்கள்

பணம் கட்டுவதற்கு முன் மனநல மறுவாழ்வு மையம் ஏதாவது ஒன்றில் சில வாரம் தன்னார்வலராக இருங்கள். அரசின் மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் மருத்துவர், சைக்காலஜிஸ்ட், சமூகப் பணியாளர், செவிலியர் சேர்ந்தே வேலை செய்வார்கள், அவர்களில் யாரிடமாவது பத்து நிமிடம் பேசக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஆன்லைன் ஆளுமைத் தேர்வு "நீங்கள் பிறவித் தெரபிஸ்ட்" என்று சொன்னால் மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: "அஞ்சல் வழியில் எம்.எஸ்சி சைக்காலஜி சேரலாமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் சைக்காலஜி சேர்க்கையை யுஜிசி தடை செய்துவிட்டது. காரணம், 2021 துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் அது வந்துவிட்டது. இன்னமும் "இடம் இருக்கிறது" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று: பொறியியல் முடித்தவர்கள் கேட்கிறீர்கள். எம்எஸ்டபிள்யூவுக்குப் பெரும்பாலான இடங்களில் ஏதாவது ஒரு டிகிரி போதும், நான் பி.காமிலிருந்து வந்தது அப்படித்தான். எம்.ஃபிலுக்குப் பதிலாக மனநல சமூகப் பணியில் என்ன படிப்பு வருகிறது என்பதை மட்டும் சேருவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.