விளையாட்டால் ஊர் வளர வேண்டுமா? இந்தக் கணக்குத் தவறுகளைத் தவிர்க்கலாம்

ஐபிஎல் சீசன் வந்தால் ஒரு செய்தி தவறாமல் வரும்: மேட்சுகளால் சென்னைக்கு இத்தனை கோடி வருமானம் என்று. அந்தத் தொகையை அப்படியே நம்புவது முதல் தவறு. வேளச்சேரியிலிருந்து சேப்பாக்கம் வந்து டிக்கெட் வாங்கி, பிரியாணி சாப்பிட்டு, ஆட்டோவில் வீடு திரும்புகிறவர் செலவழித்தது ஊருக்குப் புதுப் பணமா? மேட்ச் இல்லாவிட்டால் அதே பணம் ஒரு மாலுக்கோ தியேட்டருக்கோ போயிருக்கும். வெளியூர்க்காரர் திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறை எடுத்துத் தங்கினால், அதைத்தான் புது வரவாக எண்ண வேண்டும். வந்ததிலும் எவ்வளவு இங்கே தங்குகிறது என்று பார்க்க வேண்டும். பேட்டும் பந்தும் பெரும்பாலும் மீரட்டிலும் ஜலந்தரிலும் தயாராகின்றன. (ஷூ மட்டும் விதிவிலக்கு. நைக்கி ஷூக்கள் செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் தயாராகின்றன. ஆனால் அந்த ஆலை வந்தது ஏற்றுமதிக்காக, நம் ஊர் மேட்சுக்காக அல்ல.)

இதைவிடப் பெரிய தவறு, பலனைக் காரணமாக நினைப்பது. 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது, 2024-இல் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். உடனே, பெரிய போட்டி நடத்தினால் சாம்பியன்கள் வருவார்கள் என்று ஒரு சூத்திரம் கிளம்பிவிட்டது. காலண்டரைப் புரட்டிப் பாருங்கள். மேனுவல் ஆரோன் 1961-லேயே இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர். எழுபதுகளில் சென்னையின் சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கிய டால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் காய் நகர்த்தினார். 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அப்புறம் பள்ளிகள் செஸ்ஸை எடுத்துக்கொண்டன, பயிற்சியாளர்கள் பெருகினார்கள், அதை முழுநேரத் தொழிலாக்கிப் பிழைக்கவும் முடிந்தது. ஒலிம்பியாட் வந்தபோது மரம் ஏற்கெனவே காய்த்திருந்தது.

போட்டியை மட்டுமே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நுங்கம்பாக்கம் டென்னிஸ் மைதானம் சாட்சி. 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் அங்கே ஆண்களுக்கான ஏடிபி டென்னிஸ் போட்டி நடந்தது. ஜனவரி முதல் வாரம் என்றாலே சென்னை ஓபன்தான். 2018-இல் அது புனேவுக்குப் போய்விட்டது. போட்டியின் உரிமை வேறொருவர் கையில் இருந்தால், பெட்டியைக் கட்டிக்கொண்டு போவதைத் தடுக்க நம்மால் முடியாது. பெண்களுக்கான டபிள்யூடிஏ போட்டி 2022-இல் வந்தது, நல்லதுதான். ஆனால் போட்டி இல்லாத வாரங்களில் அந்த மைதானத்தில் யார் ஆடுகிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கட்டடம் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. 2011 உலகக் கோப்பைக்காகச் சேப்பாக்கத்தில் எழுந்த ஐ, ஜே, கே கேலரிகள் அனுமதிச் சிக்கலில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. கான்கிரீட் போடும் முன் காகிதம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது எனக்கு ரொம்பவே எரிச்சல் தரும் தவறு: ஏழைப் பிள்ளைகள் ஆடும் திடலையே வருமான வழியாகப் பார்ப்பது. 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி, தன் 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுத்து, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது, நல்லவேளை. வியாசர்பாடி போன்ற இடத்தில் கால்பந்து என்பது பையன்களின் சாயங்காலம். அந்த நேரத்தில் அவர்களைத் திடலில் வைத்திருப்பதன் பலனை டிக்கெட் கவுண்டரில் அளக்க முடியாது. தினமும் ஒரு மணி நேரம் ஆட, மாதத்துக்கு ஒரு பிள்ளைக்கு 3,600 ரூபாய். எந்த வீட்டில் அது கட்டுப்படியாகும்? பராமரிப்புக்குப் பணம் வேண்டும்தான். அதை விளம்பரப் பலகையிலோ நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியிலோ தேடலாம்.

பெண் பிள்ளைகளை மறந்துவிட்டுத் திட்டம் போடுவதும் வழக்கமாகிவிட்டது. உடை மாற்ற அறை இல்லை, கழிப்பறை பூட்டியிருக்கும், ஆறரை மணிக்கு மேல் விளக்கு எரியாது. அப்புறம், பெண்கள் வருவதில்லை என்று சொல்வார்கள். மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரின் கார்த்திகா, 2025-இல் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே மற்றவர்கள் வேலை கொடுக்கத் தயங்குவார்கள்; அந்தப் பெயர் அதனால் தலைப்புச் செய்தியானது. ஆனால் அந்தப் பெருமையை நம்பி, அடுத்த செட் பெண்களுக்கு வெளிச்சமும் பூட்டாத கழிப்பறையும் தராமல் விட்டால் கதை அங்கேயே நின்றுவிடும்.

பணம் ஊரிலேயே தங்கிய உதாரணம் வேண்டுமானால் ஈசிஆரில் கோவளத்துக்குப் போங்கள். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) கற்று, மற்ற மீனவ இளைஞர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். இன்று அந்தக் குப்பத்துப் பையன்கள் பயிற்சியாளர்கள். பலகை வாடகை, தங்கும் அறை, சாப்பாடு எனச் செலவு உள்ளூரிலேயே சுற்றுகிறது. சொல்லிக்கொடுப்பவர் கடலை அறிந்த அந்த ஊர்க்காரர் என்பதால் சம்பளமும் வெளியே போவதில்லை. அரசோ நிறுவனமோ புதிதாக ஒரு விளையாட்டைக் கொண்டுவரும்போது, பயிற்சியாளரையும் நடுவரையும் மைதானப் பராமரிப்பாளரையும் அந்தப் பகுதியிலிருந்தே எடுத்துச் சான்றிதழ் படிப்புக்கு அனுப்பும் செலவை முதல் பட்ஜெட்டிலேயே எழுதிவிட வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், திறப்பு விழாப் பந்தலுக்கே அந்தப் பணம் போய்விடும்.