பிள்ளை, புள்ளே, பூலே: பட்டப்பெயரைப் பிடித்துச் சொந்த ஊரைத் தேடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தோ மொரீஷியஸின் போர்ட் லூயிஸிலிருந்தோ ஒரு குடும்பம் வந்து, "நாங்க பிள்ளை. எங்க கொள்ளுத்தாத்தா எந்த ஊர்னு கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டால், பலரும் செய்கிற முதல் வேலை அந்தப் பட்டப்பெயரைக் கூகுளில் போட்டுத் தேடுவது. லட்சக்கணக்கில் பிள்ளைகள் வருவார்கள், உங்களுக்கு வேண்டியவர் வரமாட்டார். பட்டப்பெயர் ஊரைச் சொல்லாது. அந்தக் குடும்பம் எந்த நாட்டு அலுவலகத்தில் பதிவானது என்பதைத்தான் சொல்லும். ஊரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஓர் எண். அந்த எண்ணுக்குப் போய்ச் சேரும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம். பிள்ளையை எடுத்துக்கொண்டாலும் முதலி, கவுண்டர், நாயுடு, படையாச்சி எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

படி 1: பட்டத்தையும் சாதியையும் முடிச்சுப் போடாதீர்கள்

13-ஆம் நூற்றாண்டு வைணவ ஆசாரியர்களைப் பாருங்கள்: பெரியவாச்சான் பிள்ளை, வடக்குத் திருவீதிப் பிள்ளை, பிள்ளை லோகாச்சாரியர். அங்கே அது மரியாதைச் சொல். பின்னாளில் வேளாளர், கருணீகர், இசை வேளாளர், திருவிதாங்கூர்ப் பக்கம் நாயர் என்று பல வகுப்பினரும் போட்டுக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களும் விடவில்லை, மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்பது உத்தியோகம். ஆகவே "பிள்ளை என்றால் இன்ன சாதி, இன்ன மாவட்டம்" என்று யாராவது அடித்துச் சொன்னால் அதைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டாம்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு, தமிழ்நாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டும் வழக்கம் பரவியது. ஒப்பந்தம் போட்டுக் காலனித் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போன ஒப்பந்தக் கூலிக் கப்பல்கள் அதற்கு முன்பே நின்றுவிட்டன. தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு 1911-இல், பிஜிக்கு 1916-இல் கடைசிக் கப்பல் போயிற்று. ஊரில் உதிர்ந்த பட்டம் கடல் கடந்த கிளையில் ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். இங்கே உள்ள பங்காளி வீட்டில் யார் பெயரிலும் பிள்ளை இருக்காது, பெயருக்கு முன்னால் இனிஷியல்தான் இருக்கும். பட்டத்தை வைத்து உறவைத் தேடினால் உண்மையான உறவைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

படி 2: எழுத்துக்கூட்டலிலிருந்து நாட்டை ஊகியுங்கள்

ஆங்கிலத்தில் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். கடைசியில் 'ஏ-ஐ' என்றால் இந்தியா, மலேசியா, சிங்கப்பூர்ப் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். 'ஏ-ஒய்' என்றால் தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ், செஷல்ஸ். ஐ.நா. மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்த நவநீதம் பிள்ளை டர்பன்காரர், அவர் பெயர் 'ஒய்'யில்தான் முடியும். ஆனால் இது துப்பு மட்டுமே, விதி இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தலைவராக இருந்த ஜே. ஒய். பிள்ளை மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவர், அவரும் 'ஒய்'தான்.

'பூலே' என்று முடிந்தால் பிரெஞ்சுக் குமாஸ்தாவின் கை. ரீயூனியன் அரசியல்வாதி ஜான்-போல் விராபூலேயின் பெயரில் ஒளிந்திருப்பது வீரப்பிள்ளை. 'புள்ளே' என்றால் இலங்கைக்குப் போங்கள். நீர்கொழும்புப் பக்கத்துப் பெர்னாண்டோபுள்ளேக்கள் போர்த்துக்கீசியப் பெயரையும் தமிழ்ப் பட்டத்தையும் ஒன்றாகவே தைத்துவிட்டார்கள்.

மற்ற பட்டங்களும் இப்படித்தான். முதலி நட்டாலில் மூட்லி ஆனது. கவுண்டர் அங்கே கோவெண்டர், பிஜியில் கவுண்டார். நாயுடுவின் கடைசியில் இரண்டு 'ஓ' இருந்தால் பெரும்பாலும் தென்னாப்பிரிக்கா.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், பெயர் எழுதப்படக்கூடிய எல்லா வடிவங்களையும் எழுதி வையுங்கள். ஆறேழாவது தேறும். பின்னால் ஒவ்வொரு பட்டியலிலும் எல்லா வடிவங்களையும் போட்டுத் தேட வேண்டியிருக்கும்.

படி 3: வீட்டுக் காகிதத்திலிருந்து பின்னோக்கி நடங்கள்

தலைமுறைக்குச் சுமார் 25 வருடம் என்று கணக்கு வையுங்கள். இன்று 30 வயதில் இருப்பவருக்கு, கப்பலேறியவர் பெரும்பாலும் நாலாவது அல்லது ஐந்தாவது தலைமுறை. ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு என மூன்று சான்றுகளையும் தேடுங்கள். ஒன்றை மட்டும் வாங்கச் சொன்னால் இறப்பு ஆவணத்தைத்தான் சொல்வோம், தென்னாப்பிரிக்காவில் அதில் இறந்தவரின் பெற்றோர் பெயரும் கேட்டு எழுதியிருப்பார்கள். சொத்து இருந்தவர்களுக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் சொத்துக் கோப்பு இருக்கலாம்.

இந்தக் காகிதங்களில் நீங்கள் தேட வேண்டியது குடியேற்ற எண். நட்டாலில் ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளிக்கும் காலனி எண் ஒன்று கொடுத்தார்கள். மொரீஷியஸிலும் அப்படியே. பழைய திருமணப் பதிவு, பாஸ் எனப்படும் அனுமதிச் சீட்டு, குழந்தையின் பிறப்புப் பதிவு என்று எங்காவது ஓரத்தில் நாலைந்து இலக்கத்தில், சில சமயம் ஆறு இலக்கத்திலும், கிறுக்கியிருக்கும். பலர் அதை ஏதோ கோப்பு எண் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். சான்றிதழைப் படம் எடுக்கும்போது நாலு ஓரமும் பின்பக்கமும் தெரிய எடுங்கள்.

ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கு வேறு வேறு குடும்பப்பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம். ஒருவர் அப்பா பெயரைப் போட்டிருப்பார், இன்னொருவர் பட்டத்தைப் போட்டிருப்பார். பாட்டி வழியையும் ஒதுக்கிவிடாதீர்கள், அவருக்கும் தனி எண் உண்டு. கப்பல் பட்டியலில் தாத்தாவின் வரி அழிந்துபோய்ப் பாட்டியின் வரி ஊரோடு கிடைப்பது நடக்கிற காரியம்தான்.

படி 4: சரியான பட்டியலுக்குப் போங்கள்

தென்னாப்பிரிக்கா: சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள், மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தவர். கப்பல் பட்டியல்களின் கணினிப் பிரதி குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இருக்கிறது. எண் இருந்தால் நேராக அந்த வரிக்கே போய்விடலாம்.

மொரீஷியஸ்: 1834-லிருந்து ஏறத்தாழ 4,50,000 இந்தியர்கள் இறங்கிய தீவு. பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. அதிர்ஷ்டம் இருந்தால் ஆளின் புகைப்படமே கிடைக்கும்.

பிஜி: தென்னிந்தியர்கள் 1903-லிருந்துதான் போனார்கள், அதற்கு முந்தைய ஆண்டுகளைப் புரட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் குடியேற்றப் பாஸ்கள் இருக்கின்றன. அதில் நெருங்கிய உறவினர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. ஊரில் தங்கிவிட்ட அண்ணன் தம்பி பெயர் அங்கே அகப்படலாம்.

ரீயூனியன், மார்ட்டினிக், குவாதலூப்: இவை பிரெஞ்சு வழி. ஆள்கள் பெரும்பாலும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறினார்கள். மார்ட்டினிக்குக்கு 1853-லும் குவாதலூப்புக்கு 1854-லும் முதல் கப்பல் போயிற்று. இந்தத் தீவுகளின் பிறப்பு இறப்புப் பதிவுகளும், புதுச்சேரி, காரைக்கால் பதிவுகளும் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள பிரெஞ்சுக் கடல்கடந்த ஆவணக் காப்பகத்தின் தளத்தில் படங்களாகவே கிடைக்கின்றன. இங்கே ஒரு வித்தியாசம்: முத்துசாமி, ராமசாமி என்று முதலில் போனவரின் சொந்தப் பெயரே பேரன் பேத்திக்கெல்லாம் குடும்பப்பெயராகிவிட்டது. குடும்பப்பெயரே கொள்ளுத்தாத்தாவின் பெயராக இருக்கும்போது பட்டத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

புதுச்சேரிக் குடும்பம் என்றால் 1881 செப்டம்பர் 21 ஆணையையும் கவனியுங்கள். சமய, சாதி வழக்கப்படியான சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள் புதிதாக ஒரு குடும்பப்பெயர் எடுத்தாக வேண்டும் என்றது அது. அப்படி எடுத்த பெயர் 1881-க்கு முன் எந்த ஏட்டிலும் இருக்காது. சைகோன், பாரிஸ் என்று பரவிய பல புதுச்சேரிப் பெயர்களின் வயது அவ்வளவுதான்.

படி 5: கப்பல் பட்டியல் வரியைப் படிப்பது

ஆரம்பத்தில் இருப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நட்டால் பட்டியலில் ஒரு வரி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் 'மூட்டூசாமி', தந்தை 'கூப்பன்', ஆண், வயது 22, சாதி வேளாளர், ஜில்லா வட ஆர்க்காடு, தாலுகா 'வாலாஜா', கிராமம் 'காவேரிபாக்', அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு. இதில் பிள்ளை எங்கே? எங்கும் இல்லை. பட்டியலில் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். பட்டம் பின்னாளில் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போதோ கல்யாணத்தைப் பதியும்போதோ ஏறியிருக்கும். அதனால் 'பிள்ளை' என்று மட்டும் தேடி "இல்லை" என்று மூடிவிடாதீர்கள். சாதிக் கட்டத்தில் இருப்பதும் பேரனின் பட்டமும் பொருந்தாமல் போவதும் சகஜம். இரண்டையும் உள்ளபடியே குறித்துவையுங்கள்.

கிராமப் பெயரைக் காதால் படியுங்கள். வெள்ளைக்காரக் குமாஸ்தா கேட்டபடி எழுதினார். இரண்டு 'ஓ' வந்தால் உகரம், இரண்டு 'ஈ' வந்தால் இகரம். 'கூப்பன்' என்பது குப்பன். 'யு' பல இடங்களில் அகரம், பழனியை அப்படித்தான் 'புல்னி' ஆக்கினார்கள். சேப்பாக்கம் 'சேப்பாக்' ஆனதுபோல, 'பாக்' என்று முடிந்தால் பாக்கம். செங்கல்பட்டு 'சிங்கிள்புட்' ஆனதுபோல, 'புட்' என்று முடிந்தால் பட்டு. 'பெட்' என்றால் பேட்டை. ழகரம் வந்த இடத்தில் எது வேண்டுமானாலும் இருக்கும். இந்தக் கணக்குப்படி நம் வரியில் உள்ள ஊர் காவேரிப்பாக்கம். 1752-இல் கிளைவ் சண்டை போட்ட அதே ஊர், அந்தக் கால ஆங்கில ஏடுகளிலும் இந்தப் பெயர் 'பாக்' என்றுதான் முடியும்.

இணையத் தரவுத்தளத்தில் தேடும்போது, உயிரெழுத்து வரும் இடங்களில் நட்சத்திரக் குறி போட்டு மெய்யெழுத்துகளை மட்டும் கொடுங்கள். ஃபேமிலிசர்ச் தளம் இதை ஏற்கும், இலவசம். வயதில் நாலைந்து வருடம் முன்னே பின்னே விட்டுத்தான் பார்க்க வேண்டும், பலருக்குத் தங்கள் வயது தெரியாது. ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் தந்தை பெயர், உடல் அடையாளம், கூட வந்த மனைவி மக்களின் எண்கள் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் கழியுங்கள்.

படி 6: பழைய ஜில்லாவை இன்றைய மாவட்டத்தில் பொருத்துவது

பட்டியலில் உள்ள ஜில்லா இன்றைக்கு அதே எல்லையோடு இல்லை. வட ஆர்க்காடு என்றால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் தேடுங்கள். சித்தூர் 1911-இல்தான் தனி மாவட்டமானது, ஆகவே ஆந்திரப் பக்கமும் ஒரு பார்வை வேண்டும். தென் ஆர்க்காடு என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. தஞ்சாவூர் என்றால் நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறையும் சேர்ந்தது. சேலத்தில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடக்கம். நம் காவேரிப்பாக்கம் இப்போது 2019-இல் உருவான ராணிப்பேட்டை மாவட்டத்தில் வருகிறது.

புதூர், நல்லூர் போன்ற பெயர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. தாலுகா தெரியாமல் இறங்கவே கூடாது. தாலுகா தெரிந்தும் ஒரே பெயரில் இரண்டு ஊர் வந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 7: ஊருக்குப் போவது

கப்பலேறியவர்களில் பலருக்கு நிலம் கிடையாது. அதனால் பட்டா, சிட்டா, அ-பதிவேடு என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். வில்லங்கச் சான்று இணையத்தில் சில பத்தாண்டுகள் பின்னோக்கித்தான் வரும், உங்களுக்கு வேண்டியது அதற்கும் வெகுகாலம் முந்தையது.

இந்த இடத்தில் காகிதத்தைவிடக் குலதெய்வம் உதவும். டர்பன் பாட்டி ஆடி மாதம் யாருக்குப் பொங்கல் வைத்தார், எந்த அம்மன் பெயரை முதல் குழந்தைக்கு வைத்தார் என்று புறப்படும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் அந்தத் தெய்வத்தைக் கும்பிடும் பங்காளி வகையறா எது என்று கோயில் பூசாரிக்குத் தெரியும். அவர்களிடம் போய், "உங்க வீட்டுல யாராச்சும் அந்தக் காலத்துல கப்பலுக்குப் போனாங்களாய்யா?" என்று கேளுங்கள். வெளிநாட்டுக்காரர் பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறார் என்ற பயம் முதலில் வரும். பெயரை மட்டும்தான் தேடுகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாய் திறப்பார்கள்.

தடம் அறுந்துபோகும் இடங்கள்

சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போன வியாபாரிகள், மொழிபெயர்ப்பாளர்கள் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கமாட்டார்கள். மலேயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணி வழியாகப் போனவர்களுக்கு நட்டால் மாதிரி ஆளுக்கொரு வரி எதிர்பார்க்கக் கூடாது. மலேசியாவில் பெரும்பாலும் அப்பா பெயர்தான் தொடரும், பட்டப்பெயர் வழி அங்கே முதல் அடியிலேயே முட்டிக்கொள்ளும். கங்காணியின் ஊர் தெரிந்தால் அதைப் பிடியுங்கள், தன் ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவர்களைத்தான் அவர் பெரும்பாலும் கூட்டிப்போனார்.

டிஎன்ஏ சோதனை பற்றியும் கேட்பார்கள். ஐந்து தலைமுறை தள்ளிப்போன உறவில் பொதுவான துண்டு எதுவுமே மிஞ்சாமல் போகலாம். மிஞ்சினாலும், கிராமத்துப் பங்காளி அதே நிறுவனத்தில் சோதனை செய்திருந்தால்தான் பொருத்தம் காட்டும். குடும்பப்பெயர் பரவல் வரைபடம் காட்டும் தளங்கள் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் தனிப் பெயராக எண்ணுபவை, பொழுதுபோக்குக்குப் பார்க்கலாம்.

வம்சாவளி மரத்தில் ஏற்றும்போது 'மூட்டூசாமி'யை முத்துசாமி என்று திருத்திப் போட்டுவிடாதீர்கள். ஏட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே ஒரு கட்டத்தில் வைத்து, உங்கள் வாசிப்பை அடுத்த கட்டத்தில் எழுதுங்கள். காலனி எண், கப்பல் பெயர், வந்த தேதி மூன்றும் ஒவ்வொரு பெயரோடும் இருக்கட்டும். நாளை இன்னொரு கிளை அதே வரியைத் தேடி வந்தால், பெயரைவிட அந்த எண்ணை வைத்துத்தான் உங்களைக் கண்டுபிடிப்பார்கள்.