புலிவரி மேப்பிள்: பென்சில்வேனிய நீள்துப்பாக்கிக் கட்டைக்கு நிறமேற்றும் முறை

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள் உருவாக்கியது இந்த நீள்துப்பாக்கி. குழலின் வாய்வழியே கரிமருந்து கெட்டிப்பார்கள். குழல் மட்டுமே பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு மேல் நீளும். அதன் அடியில் முனைவரை ஓடும் மேப்பிள் கட்டையில் தெரியும் புலிவரிகள் தூரிகையால் தீட்டியவை அல்ல. அந்த மரத்தின் நார்கள் அலையலையாக வளர்ந்தவை. அலை மேலேறி வரும் இடத்தில் நாரின் வெட்டுமுனை வெளியே தெரியும். அங்கே சாயம் ஆழமாக இறங்கிக் கறுக்கும். நிறமேற்றும் வேலையே இந்த வரிகளை வெளியே கொண்டுவருவதுதான்.

இங்கே கட்டை வேலையை மட்டும் சொல்கிறேன். இந்தியாவில் உரிமமின்றித் துப்பாக்கி செய்வது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம்.

1. இழைத்தல். குழல், விசைப்பொறி, பித்தளைப் பாகங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பிறகு பூசும் சாயம் அமிலத்தன்மை கொண்டது, அது பட்டால் துருவும் கறையும் பிடிக்கும். கூரான எஃகுத் தகட்டால் சுரண்டுங்கள். உப்புத்தாளை விட இது வரிகளைத் தெளிவாகக் காட்டும். குழலின் இருபுறமும் மரம் மிக மெல்லியது, அங்கே கை அழுந்தக் கூடாது.

2. நனைத்தல். ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த நார்கள் முள்போல் எழுந்து நிற்கும். 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தடவி நீக்குங்கள். இரண்டு முறையாவது செய்யுங்கள்.

3. சாயம். பழைய கைவினைஞர்கள் நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்தார்கள். அதில் நச்சுப்புகை எழும், வீட்டில் வேண்டாம். பெர்ரிக் நைட்ரேட் படிகம் ஒரு பங்கு, வாலை வடிநீர் நான்கு பங்கு போதும். கையுறை, கண்ணாடி அணிந்து, அதே மரத்தின் துண்டொன்றில் முதலில் சோதியுங்கள். பூசியதும் மரம் மஞ்சளித்துச் சோர்ந்து நிற்கும். பயப்பட வேண்டாம்.

4. சூடு. காய்ந்தபின், திறந்த வெளியில் ஹீட் கன்னை (சுடுகாற்று ஊதும் கருவி) ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்துங்கள். மஞ்சள் நிறம் கண்ணெதிரே செம்பழுப்பாகத் திரும்பும். வரிகள் ஒவ்வொன்றாக விழித்தெழும். எத்தனை முறை செய்தாலும் இந்த நிமிடத்தில் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. நிறம் திரும்பாத மூலை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

5. அமிலம் போக்குதல். சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, பிறகு நல்ல நீரால் கழுவி, முழுதாகக் காயவிடுங்கள். என் முதல் கட்டையில் இதை அவசரமாக முடித்தேன். சில மாதங்களில் கைப்பிடி அருகே பச்சை படர்ந்தது. மொத்தத்தையும் சுரண்டி மறுபடி தொடங்கினேன்.

6. எண்ணெய். பதப்படுத்திய ஆளி விதை எண்ணெயைச் சில சொட்டு உள்ளங்கையில் விட்டு, சூடு ஏறும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பூச்சுக்குப் பூச்சு ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பற்றும். நீர் நிரப்பிய தகர டப்பாவில் அமுக்கி மூடிவிட்டுப் படுக்கப் போங்கள்.