‘ராயல்ஸ்’ மேடையில் பாடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கம் கல்லூரி ஆண்டு விழா என்றாலும் சரி, ஊர்த் திருவிழா கானமேளா என்றாலும் சரி, தமிழும் மலையாளமுமாகப் போகிற நிகழ்ச்சியில் இடையே ஓர் ஆங்கிலப் பாட்டும் வரும். பாடுகிற பிள்ளைகளில் பலர் சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்தவர்கள். குரலில் குறை சொல்ல முடியாது. ஆனால் லார்டின் ‘ராயல்ஸ்’ பாட்டை எடுத்தால் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். காரணம் ஒன்றுதான்: அந்தப் பாட்டில் வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிற இடத்தையெல்லாம் நிரப்பிவிடுகிறார்கள்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த லார்ட் என்ற பெண், ஜோயல் லிட்டில் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து எழுதிய பாட்டு இது. 2012 நவம்பரில் இணையத்தில் இலவசமாக வெளிவந்தது. 2013-ல் அவருடைய முதல் ஆல்பமான ‘ப்யூர் ஹீரோயின்’ தொகுப்பிலும் இடம்பெற்றது. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 16. அங்கே 9 வாரம் இருந்தது. 2014-ல் ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமி விருதும் கிடைத்தது. இவ்வளவு பெரிய வெற்றிப் பாட்டின் முதல் சரணத்தில் இருப்பவை ஒரு குரல், டிரம், விரல் சொடுக்கு. அவ்வளவுதான். கிட்டார் கிடையாது.

அதனால் முதல் தவறு ஆக்டோபேடில், அதாவது மின்னணு டிரம்மில், தொடங்குகிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இடைவெளி கண்டதும் அதில் ஒரு ரோல் அடிக்கிறார்கள், கீபோர்டில் வயலின் சத்தம் போடுகிறார்கள். அப்புறம் சொடுக்கு எங்கே கேட்கும்? பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 85 தட்டுதான். கூட்டம் கைதட்டத் தொடங்கினால் அந்த உற்சாகத்தில் வேகம் ஏறிவிடும். டிரம் அடிக்கிறவர் கூட்டத்தைப் பின்தொடரக் கூடாது.

அடுத்தது சுரத்தில் வரும் தவறு. இதைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். மூலப்பாட்டின் சுருதி 2 கட்டை, அதாவது டி. வரும் கார்டுகள், அதாவது சேர்த்து அழுத்துகிற சுரக் கூட்டங்கள், டி, சி, ஜி. நம் கீபோர்டு பிள்ளைகளுக்குப் பாமாலைகள் வாசித்து வாசித்து, ஏ மேஜரில் போய் டி-க்குத் திரும்பி முடிக்கிற பழக்கம் விரலில் ஊறியிருக்கிறது. அதையே இங்கேயும் செய்கிறார்கள். இந்தப் பாட்டிலோ ஏ மேஜர் வரவே வராது. பாட்டு கிளாஸ் போனவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம்: இதன் சுரங்கள் 28-ஆவது மேளகர்த்தா ராகமான ஹரிகாம்போதியின் சுரங்கள், நிஷாதம் கைசிகி, அதாவது தாழ்ந்த ‘நி’. ஏ மேஜர் போட்டால் உயர்ந்த ‘நி’யான காகலி நிஷாதம் நுழைந்து சங்கராபரணமாகிவிடும். மாறுவது ஒரே சுரம்தான், ஆனால் பாட்டில் இருக்கிற அந்த அலட்சியமான தொனி போய், கீர்த்தனை முடிகிற மாதிரி ஆகிவிடுகிறது. சுரங்கள் ஒன்றாக இருக்கின்றன என்பதற்காகக் கமக அசைவோ பிருகா உருட்டலோ சேர்க்கவும் வேண்டாம். நேராகப் பேசுவதுபோலப் பாட வேண்டிய வரிகள் அவை.

ஸ்கேல் மாற்றுகிறவர்கள் உச்ச சுரம் எட்டுகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். இங்கே சரணம் தாழ்ந்த குரலில் நடக்கிறது. அந்தக் கீழ்ச் சுரங்கள் மைக்கில் தெளிவாக விழுகிற ஸ்கேலை முதலில் பிடியுங்கள்.

பாடகர் குழு அனுபவம் இந்தப் பாட்டுக்குப் பெரிய வரம், ஆனால் பொறுமை வேண்டும். பதிவில் கேட்கிற அத்தனை குரலும் லார்டின் குரல்தான், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். முதல் வரியிலேயே ஆல்டோ, டெனர் குரல்களும் சேர்ந்துவிட்டால் கோரஸ் வரும்போது கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. சரணத்தை ஒருவர் தனியாகப் பாடட்டும்.

பொருள் தெரியாமல் பாடுவதும் நடக்கிறது. தலைப்பைப் பார்த்துவிட்டுக் கிரீடம், பளபளக்கும் உடை என்று வருகிறார்கள். இது ராஜ குடும்பத்தைப் புகழும் பாட்டு இல்லை. தலைப்பு பிறந்ததே நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் வந்த ஒரு படத்திலிருந்து. ஜார்ஜ் பிரெட் என்ற பேஸ்பால் வீரரின் சட்டையில் அவருடைய கேன்சஸ் சிட்டி அணியின் பெயரான ‘ராயல்ஸ்’ இருந்தது. விலை உயர்ந்த கார், தங்கப் பல், வைரம் என்று பாட்டுகளில் கேட்டுக்கொண்டே, ரயிலில் கையிலிருக்கிற காசை எண்ணுகிற பிள்ளைகள் பேசுகிற பாட்டு இது. நாகர்கோவில் பஸ்ஸுக்குச் சில்லறை சரிபார்க்கிற நம் பிள்ளைகளுக்கு இது புரியாத விஷயமா? கல்லூரிக்குப் போகிற உடையிலேயே பாடலாம், பொருத்தமாக இருக்கும்.

கடைசியாக மைக் செட். எக்கோவை ஏற்றிவைப்பது நம் பக்கத்து வழக்கம். சினிமா மெல்லிசைக்கு அது தாங்கும். இங்கே வார்த்தைகள் நெருக்கமாக வருவதால் ஒன்றோடொன்று மோதி எதுவும் விளங்காது. மேடை ஏறுவதற்கு முன்பே “அண்ணே, இந்தப் பாட்டுக்கு மட்டும் எக்கோ வேண்டாம், சொடுக்குப் போட ஒரு மைக் தனியா வேணும்” என்று கேட்டுவிடுங்கள். கடைசிக் கோரஸ் முடிந்ததும் பாட்டு சட்டென்று நின்றுவிடும் என்பதையும் கீபோர்டுகாரருக்கும் தொகுப்பாளருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.